நாலே பேர்

தலையில் சுருள் குச்சிகளைக் கட்டி, மருந்தை ஊற்றி, மேலே பிளாஸ்டிக் தொப்பியைப் போட்டுவிட்டால் எந்தப் பெண்ணாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு எழுந்து போக முடியாது. அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் யாராலும் ஆகாது. பேசுவார்கள். டேகு நகரத்துத் துணிச் சந்தைக்குப் பின்னால் இருபத்து நாலு வருஷமாக நான் பார்லர் வைத்திருக்கிறேன். முடி வெட்டுவதை ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டேன். மிச்ச வருஷமெல்லாம் கேட்பதைத்தான் கற்றுக்கொண்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள் தம்பி. பெயர் குவாக் இப்புன். வயது அறுபத்தொன்று. என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை நானாகத்தான் பஸ் ஏறி இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். பேப்பரில் தப்பாகப் போட்டிருந்தார்கள், அதனால் வந்தேன்.

பியோ சாங்கூ என்பவன் ஓடிப்போன மனைவியை ஏழு மாதம் தேடி அலைந்து, கடைசியில் கிழக்குக் கரையில் ஒரு துறைமுக ஊரில் கண்டுபிடித்தான் என்று போட்டிருந்தார்கள். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சாங்கூவுக்குத் தன் காலுறை எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று தெரியாது. அவனா கண்டுபிடித்தான்? அவன் பூசான் பஸ் நிலையத்தில் போய் நின்று போகிற வருகிறவர்களிடம் போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தான். கண்டுபிடித்தது நான். அதற்கு ஏழு மாதம் ஆகவில்லை. பதினொரு நாள். நாலே பேர்.

இது பெருமைக்குச் சொல்வதில்லை. உள்ளதைச் சொல்கிறேன். எங்கள் சந்தைப் பக்கம் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். வடக்கும் தெற்கும் யுத்தம் செய்த காலத்தில் பிரிந்துபோன தம்பியை ஒரு அம்மாவுக்கு நான் தேடிக்கொடுத்திருக்கிறேன். மூன்று பேரைக் கேட்டேன், நாலாவது ஆள் அந்தத் தம்பியின் பக்கத்து வீட்டுக்காரர். இன்னொருத்தியின் மாமனார் பல்செட்டை டாக்சியில் விட்டுவிட்டு வந்தார். வண்டி எண் தெரியாது, நிறம்கூடத் தெரியாது. மறுநாள் மத்தியானத்துக்குள் பல்செட் ஒரு பொட்டலமாக என் கடை வாசலுக்கு வந்துவிட்டது. டாக்சி ஓட்டியவரின் மச்சினி என்னிடம் சாயம் பூசிக்கொள்கிறவளின் தோழி.

இந்த நாட்டில் அந்நியர் என்று யாரும் கிடையாது. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பேரைப் பத்து நிமிஷம் பேச விடுங்கள். ஊர், பள்ளிக்கூடம், பட்டாளத்தில் எந்தப் படைப்பிரிவு, மாமியார் வீடு எங்கே என்று போய், கடைசியில் இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரு ஆளில் வந்து நிற்பார்கள். நின்றதும் இரண்டு முகத்திலும் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும். அப்படியிருக்க, ஒருத்தி ஒளிந்துகொள்வது என்றால் என்ன? பெயரை மாற்றலாம், போன் எண்ணை மாற்றலாம். ஆனால் யாராவது அவளுக்கு வேலை கொடுக்க வேண்டும். யாராவது வீடு கொடுக்க வேண்டும். யாராவது பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒளிந்திருப்பவளைத் தேடினால் கிடைக்க மாட்டாள். அவள்மேல் இரக்கப்பட்டவர்களைத் தேட வேண்டும். இரக்கப்பட்டவர்களுக்கு அதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியாது.

அந்தக் கல்யாணத்தை முடித்துவைத்ததும் நான்தான். சாங்கூவின் அம்மா சுனிம் என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். சாங்கூ சாயப்பட்டறை லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். தோ ஹேரான் திரைச்சீலைக் கடையில் தையல் மெஷினில் இருந்தாள். அப்பா அம்மா இல்லை. பூசானில் ஒரே ஒரு அக்கா. அடக்கமான பெண், நல்ல கனமான முடி. என் கடையில்தான் இரண்டு பேரையும் உட்காரவைத்து பார்லித் தேநீர் கொடுத்தேன். கல்யாணத்தன்று அவளுக்குக் கொண்டை போட்டதும் நான். என்னைச் சித்தி என்று கூப்பிடுவாள். பெற்ற தாயிடம் காட்டும் பிரியத்தை என்னிடம் காட்டினாள் என்றே சொல்லலாம்.

இரண்டாம் வருஷம் ஒரு நாள் தலை அலசும்போது, வலது பக்கம் உச்சிக்குக் கீழே இலந்தைப் பழ அளவுக்கு வெறும் தோல் தெரிந்தது. தானாகக் கொட்டின முடியின் இடம் வேறு மாதிரி இருக்கும். இது கொத்தாகப் பிடித்து இழுத்த இடம்.

"தூங்கும்போது கட்டில்ல மாட்டிக்கிச்சு சித்தி," என்றாள்.

வகிட்டை வலமிருந்து இடத்துக்கு மாற்றி, மேல் முடியைக் கொஞ்சம் வளைத்து விட்டேன். எதுவும் தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ரொம்ப தேங்க்ஸ் சித்தி," என்றாள். அதற்குப் பிறகு ஒன்பது வருஷத்தில் ஐந்து தடவை அவள் வகிட்டை மாற்றியிருக்கிறேன். ஒரு தடவைகூட வெளியே தெரிந்ததில்லை. அவளுடைய சொந்த அக்காவுக்கே தெரியாமல் இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போதே உங்களுக்குத் தெரியுமா என்று நேற்று கேட்டீர்கள். தெரியும். எந்த வீட்டில் எது நடக்கிறது என்று தலையைத் தொட்டாலே எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததையெல்லாம் வெளியே சொல்லிக்கொண்டிருந்தால் கடை நடத்த முடியுமா? நான் மறைத்துக் கொடுத்தேன். அவளுக்கு அது உதவி.

இந்த வருஷம் மார்ச் மாதம் வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் சொன்னாள்.

"மொத்தமா எடுத்துடுங்க சித்தி."

"மொத்தமான்னா?"

"ஆம்பளைங்க மாதிரி. கைக்குப் பிடி கிடைக்கக் கூடாது."

"நல்லா சொன்னே போ. உன் மூஞ்சிக்கு அது எடுக்குமா? உன் மாமியார் வந்து என் தலையை மொட்டை அடிச்சுடுவா."

தோள் வரைக்கும் வெட்டிவிட்டேன். குடும்பப் பெண்ணுக்கு அதுதான் லட்சணம். அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் ஆறு வயதுப் பெண் நாரேயையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சுனிம் வந்து என் கடை நடுவில் உட்கார்ந்துகொண்டாள். வாடிக்கைக்காரர்கள் இருக்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை.

"நீ கொண்டுவந்த பொண்ணுதானேடி. என் பேத்தியையும் தூக்கிட்டுப் போயிட்டா. நான் அடி வாங்கலையா? என் மாமியார் என்னைத் தோட்டத்துல ஓட ஓட விரட்டலையா? நான் செத்தா போயிட்டேன்?"

அதற்குப் பிறகு சந்தையில் என்னைப் பார்த்தால் பேச்சு நின்றுபோகும். இப்புன் முடித்த சம்பந்தம் இப்படி ஆகிவிட்டது என்று சொல்லிக்கொண்டார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொன்ன இரண்டு அம்மாக்கள் வேறு பார்லருக்கு மாறிவிட்டார்கள். நான் அதையும் பொறுத்துக்கொண்டேன். சாங்கூ வந்து அழுதான், "நீங்கதான சேர்த்து வச்சீங்க, நீங்களே தேடிக் குடுங்க," என்றான். அப்போதும் நான் அசையவில்லை. கோடை முழுக்கச் சும்மாதான் இருந்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் சும்மா நலம் விசாரிக்கலாம் என்று பூசானில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன். ஹேரான் சுகமாக இருக்கிறாளா, அதைமட்டும் சொல் என்றேன். எவ்வளவு மரியாதையாகக் கேட்டேன் தெரியுமா? போனில் அவள் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்கா. ஆனா உங்க யாராலயும் இனிமே அவளைக் கண்டுபிடிக்க முடியாது. நீங்க தலைகீழா நின்னாலும் முடியாது."

போனை வைத்துவிட்டாள். நான் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தேன். என்னிடம் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. அன்றைக்குச் சாயந்தரமே ஆரம்பித்தேன்.

முதல் ஆள் ஹேரான் வேலை பார்த்த திரைச்சீலைக் கடை முதலாளியம்மா பாங். மூன்று வாரத்துக்கு ஒருதரம் வேர் நரைக்குச் சாயம் பூச வருவாள். ஹேரானைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. புதிதாக வந்த தையல்காரி எப்படி என்றுதான் கேட்டேன்.

"அதை ஏன் கேக்குறீங்க அக்கா. ஒரு நாளைக்கு நாலு ஜன்னலுக்குத் தைக்கிறா. ஹேரான் கை யாருக்கு வரும்? ஜூன் மாசம்கூட ஒரு பொம்பளை போன் பண்ணி, அவ மெஷின்ல எப்படின்னு விசாரிச்சா. கண்ணை மூடிக்கிட்டு வேலைக்கு வச்சுக்கோன்னேன்."

"அட, யாரு அது?"

"பேரு சொல்லலை. கிழக்குக் கரைப் பேச்சு, இழுத்து இழுத்துப் பேசினா. பின்னாடி கடல் பறவை கத்துது. கடல்ல முக்குளிக்கிற பொம்பளைங்க போடுவாங்களே ரப்பர் உடுப்பு, அது தைக்க ஆள் வேணுமாம்." பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சாயம் பூசின தலையோடு கையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஐயோ அக்கா, யாருகிட்டயும் சொல்லாதேன்னு அந்தப் பொம்பளை படிச்சுப் படிச்சுச் சொன்னாளே."

"என்கிட்டதானே சொன்னே," என்றேன்.

இரண்டாவது ஆள் தாக் அம்மாள். சர்ச்சில் பெரிய மனுஷி. அவளுடைய தங்கை கிழக்குக் கரையில் ஒரு பாதிரியாரின் மனைவி. அந்தத் தங்கைதான் மூன்றாவது ஆள். தாக் அம்மாளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: எனக்குத் தெரிந்த ஒரு பெண் கஷ்டப்பட்டு அந்தப் பக்கம் போயிருக்கிறாள், முக்குளிக்கும் உடுப்பு தைக்கிறாள், பெண் குழந்தை ஒன்று உண்டு, அதற்குச் சோம்பல் கண் என்பதால் நல்ல கண்ணைத் துணி ஒட்டி மூடியிருப்பார்கள், குளிர் வருகிறதே, பிள்ளைக்கு ஒரு கோட் அனுப்பலாம் என்று ஆசை. பொய் இல்லை. மறுநாளே போய்க் கோட் வாங்கிவிட்டேன். கடுகு நிறம், மரப் பொத்தான், உள்ளே ஆட்டு ரோமம் வைத்தது.

தாக் அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. தலையில் தொப்பியோடு என் கடைப் போனிலிருந்தே தங்கையைக் கூப்பிட்டாள். நான் பக்கத்தில் நின்று துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். தங்கையின் குரல் எனக்கே கேட்டது.

"தெரியுமே அக்கா! நம்ம ஊர் இல்லை, வடக்கே அடுத்த துறைமுகம். புதன்கிழமை ஜெபத்துக்கு வருவா. எப்பவும் கதவோரமாத்தான் உக்காருவா. ரொம்பப் பயந்த பொண்ணு. பாவம், கேட்டா பேர்கூடச் சொல்ல மாட்டேங்குறா. கோட்டா? கர்த்தர் உங்களை ஆசீர்வதிக்கட்டும்."

நாலாவது ஆள் கருவாட்டுக் கடை யோம். திங்கட்கிழமை தோறும் அந்தத் துறைமுகத்துக்குப் போய்த்தான் காய்ந்த கணவாய் எடுத்து வருவாள். வாயாடி, ஆனால் மனசு வெள்ளை. அளவு தெரியாமல் கோட் வாங்கிவிட்டேன், போகும்போது பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வா, ஆனால் சொல்லிவிடாதே, திடீரென்று அனுப்பிச் சந்தோஷப்படுத்தணும் என்றேன். செவ்வாய்க்கிழமை காலையில் கணவாய் வாசனையோடு வந்து நின்றாள்.

"ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னாடி நீலக் கேட்டுக்கா. கீழே வலைக் கிடங்கு, மேலே அவங்க. குட்டி என் நெஞ்சு வரைக்கும் இருக்கா, இந்தா இவ்ளோ உயரம்," என்று கையைத் தன் விலா எலும்பில் வைத்துக் காட்டினாள். "கோட்டு சரியா இருக்கும்."

அந்த நாலு பேரையும் நீங்கள் கூப்பிட்டு விசாரித்ததாகக் கேள்விப்பட்டேன். யோம் கடை திறப்பதே இல்லையாம். தாக் அம்மாள் சாப்பிடாமல் கிடக்கிறாளாம். அவர்களை விட்டுவிடுங்கள் தம்பி. ஒவ்வொருத்தியும் ஒரு துண்டுதான் கொடுத்தாள், அதுவும் நல்ல மனசோடு கொடுத்தாள். ஒரு கடல் பறவை, ஒரு கதவோரம், ஒரு நீலக் கேட். அதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துவைத்தது நான் ஒருத்திதான். அதில் யாருக்கும் பங்கு கிடையாது.

புதன்கிழமை சாங்கூவைக் கடைக்குக் கூப்பிட்டேன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"அவளைப் பார்த்தா என்னடா பண்ணுவே?"

அவன் அழவில்லை. கோடையில் அழுதவன் அன்றைக்கு அழவில்லை. என் கத்தரிக்கோல் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இனிமே அவ எங்கேயும் போக முடியாதபடி பண்ணுவேன் சித்தி."

சின்னப் பிள்ளைக்குப் புரியாமல் இருக்கலாம். எனக்குப் புரிந்தது. அறுபத்தொரு வயதாகிறது, ஒரு ஆம்பிளை எதை எந்தக் குரலில் சொல்கிறான் என்று தெரியாதா? நான் எழுந்து போய்த் துடைப்பத்தை எடுத்துத் தரையில் கிடந்த முடியைக் கூட்டினேன். மூலை வரைக்கும் கூட்டி அள்ளிப் போட்டேன். பிறகு சொன்னேன்: "நாளைக்குக் கடை லீவு. உன் லாரியிலேயே போயிடலாம்."

விலாசத்தை மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கலாமே, நீங்கள் ஏன் கூடப் போனீர்கள் என்றீர்கள். அவன் மட்டும் போயிருந்தால் காரியம் ஆகியிருக்காது.

மூன்றரை மணி நேரப் பயணம். நல்ல வெயில். வழியெல்லாம் வீட்டு வாசல்களில் செம்மஞ்சள் நிறத்தில் சீமைப் பனிச்சைப் பழங்களைத் தோலுரித்துச் சரமாகக் காயப்போட்டிருந்தார்கள். நெடுஞ்சாலைக் கடையில் நிறுத்தி அவன் நூடுல்ஸ் சாப்பிட்டான். எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, "சூடா இருக்கு, பாத்துக் குடிங்க சித்தி," என்றான். அவன் கெட்ட பிள்ளை இல்லை. நான் மடியில் கோட்டை வைத்துக்கொண்டு கடல் தெரிகிற வரைக்கும் கொஞ்சம் தூங்கினேன்.

இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். யோம் சொன்னது அப்படியே இருந்தது. சாங்கூவை ஐஸ் பெட்டி அடுக்கியிருந்த சுவர் ஓரமாக நிற்கச் சொன்னேன். மேலே தையல் மெஷின் ஓடுகிற சத்தம். கேட்டைத் தட்டினேன். மெஷின் நின்றது. யாரும் வரவில்லை. திரும்பத் தட்டினேன். படியில் காலடி கேட்டது, பாதியில் நின்றுவிட்டது.

"யாரு?"

"நான்தான்டி. டேகு சித்தி."

மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"தனியாவா வந்தீங்க?"

"தனியாத்தான் வந்திருக்கேன். நாரேக்குக் கோட்டு கொண்டாந்திருக்கேன். குளிர்ல நிக்க வச்சே பேசுவியா?"

மூன்று தாழ்ப்பாள். ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தாள். கேட் திறந்தது. அவள் தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டிருந்தாள், ஆம்பிளை மாதிரி, காதுக்குப் பின்னால் ஏற்ற இறக்கமாக. பத்து நிமிஷம் கிடைத்தால் சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அவள் கோட்டைப் பார்க்கவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "எப்படி சித்தி வந்தீங்க, சாப்டீங்களா?" என்று சிரித்தாள். ஏழு மாதமாக ஊர்க்காரர் ஒருத்தரையும் பார்க்காதவள். அந்தச் சந்தோஷத்தை, ரயிலில் பேசிக்கொள்கிறவர்கள் முகத்தில் வரும் என்று சொன்னேனே, அதை அவள் முகத்தில் பார்த்தேன்.

அவள் கையிலிருந்து என் கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கினேன். சாங்கூ என்னைத் தாண்டி உள்ளே போனான்.

கேட் காற்றில் சாத்திக்கொண்டது என்று முதல் நாள் உங்களிடம் சொல்லியிருந்தேன். அதை அடித்துவிடுங்கள். அன்றைக்குக் காற்றே இல்லை. சாத்தியது நான்தான். வெளியே ஒரு கொக்கி இருந்தது, அதையும் மாட்டினேன். என்னை ஒரு தடவை கூப்பிட்டாள். அவனைக் கூப்பிடவில்லை, அக்கம்பக்கத்தையும் கூப்பிடவில்லை. "சித்தி" என்று ஒரே ஒரு தடவை.

இரண்டரைக்குப் பள்ளிக்கூடம் விடும் என்று தெரியும். பாதையில் இறங்கிப் போனேன். நாரே தனியாக நடந்து வந்துகொண்டிருந்தாள், ஒரு கண்ணில் வெள்ளைத் துணி ஒட்டி, முதுகில் சிவப்புப் பை. என்னைப் பார்த்ததும் நின்றாள், பிறகு குனிந்து வணக்கம் சொன்னாள். ஒழுங்காக வளர்த்திருந்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். கோட்டைப் போட்டுவிட்டேன். தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது. துறைமுக முனையில் மீன் வடை விற்கிற வண்டி இருந்தது. குச்சியில் குத்தி இரண்டு வாங்கிக் கொடுத்து, காகிதக் குவளையில் சூடான சாறும் வாங்கிக் கொடுத்தேன். பிள்ளை அந்த நேரத்தில் வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டது நான். இதையும் யாரும் பேப்பரில் போடவில்லை.

"அம்மாவுக்கும் ஒண்ணு வாங்கலாமா?" என்றாள்.

"அம்மா அப்பாகூட பேசிட்டிருக்காங்க."

அவள் குச்சியைத் தட்டில் வைத்துவிட்டாள். ஓடவில்லை, அழவில்லை. மூடாத கண்ணால் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"கேட்டை யார் திறந்தாங்க?"

சாறு ஆறிவிடும், குடி என்றேன்.

நாற்பது நிமிஷம் கழித்து ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. ஹேரானின் உயிர் வண்டியிலேயே போய்விட்டது. சாங்கூ படியில் உட்கார்ந்திருந்தானாம், யாரும் அவனைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. தானாகவே தேடிக் கண்டுபிடித்ததாகவும், தானாகவே வந்ததாகவும் அவன்தான் சொல்லியிருக்கிறான். என்னைக் காப்பாற்றுகிறானாம். பிள்ளையோடு நின்றிருந்த கிழவி யார் என்று உங்கள் ஆட்கள் கேட்டார்கள், தெரிந்தவள் என்றேன், பிள்ளையை வாங்கிக்கொண்டு என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

சாவு வீட்டுக்கும் போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. கருப்பு உடுப்பில் அந்த அக்கா இருந்தாள். படத்துக்கு முன்னால் இரண்டு தடவை விழுந்து கும்பிட்டுவிட்டு அவளுக்கு நேராகப் போய் நின்றேன். கண்டுபிடிக்க முடியாது என்றாயே என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதிலிருந்து அவளுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. சாங்கூவை விட்டால் உலகத்தில் அது தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்று அப்போது நினைத்தேன். பிறகு பேப்பரைப் பார்த்தேன். சாங்கூவின் தேடல் என்று தலைப்பு.

என்னைச் சட்டத்தில் எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். உடந்தை என்று எழுதுவீர்களா, தூண்டினாள் என்று எழுதுவீர்களா, எனக்கு ஆட்சேபம் இல்லை. கண்டுபிடிக்க உதவினாள் என்று மட்டும் எழுதாதீர்கள். உதவவில்லை. கண்டுபிடித்தேன். கூட்டிக்கொண்டு போனேன். திறக்கவைத்தேன். சாத்தினேன். அவன் செய்தது கடைசிக் கொஞ்சம்தான்.

வருத்தமாக இல்லையா என்று கேட்கிறீர்கள். ஒரு பெண் ஏழு மாதம் பெயரில்லாமல், உறவில்லாமல், கதவோரத்தில் உட்கார்ந்து வாழ்ந்தாள். அது வாழ்க்கையா? அதைத்தான் நினைத்து வருத்தப்படுகிறேன். நம்மையெல்லாம் விட்டு அறுத்துக்கொண்டு போக ஒருத்திக்கு என்ன உரிமை இருக்கிறது?

நேற்று முன்தினம் நாரேயைப் பற்றி உங்களிடம் கேட்டேன். பத்திரமான இடத்தில் இருக்கிறாள், ஊர் பெயரைச் சொல்ல மாட்டோம், யாராலும் அவளைக் கண்டுபிடிக்க முடியாது என்றீர்கள். நீங்கள் நல்லவர் தம்பி, ஆனால் அந்த வார்த்தையை என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

இங்கே எனக்குச் சாப்பாடு கொண்டுவரும் அம்மா இருக்கிறாளே, முளைகட்டின பயறு சாறு நன்றாக வைப்பாள். அவள் தலையில் போட்டிருக்கும் சுருள் என் கை மாதிரியே இருந்தது. யார் போட்டது என்றேன். என்னிடம் வேலை கற்றுக்கொண்டு போனவள்தான் போட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணின் நாத்தனார் ஆந்தோங் ஊரில் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் சமையல் வேலை பார்க்கிறாளாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சாப்பிடும்போதுகூடக் கடுகு நிறக் கோட்டைக் கழற்ற மாட்டேன் என்கிற ஒரு புதுப் பிள்ளை வந்திருக்கிறதாம், தினமும் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடுகிறாளாம். சாப்பாட்டுத் தட்டைத் திரும்ப எடுப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இரக்கப்பட்டவள்.

நேற்று சுனிம் என்னைப் பார்க்க வந்தாள். அவளிடம் சொன்னேன். அவளுக்கு இருப்பது அந்த ஒரு பேத்திதான். வழக்கு வரப்போகிறது, வீட்டில் என்ன நடந்தது என்று பிள்ளையைக் கேட்பார்கள், எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று யாராவது பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டாமா? சுனிம் கண்டிப்பானவள், ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லிக்கொடுப்பாள். இன்றைக்குக் காலை ஏழு மணி பஸ்ஸில் ஆந்தோங் போகிறேன் என்றாள். இந்நேரம் போய் இறங்கியிருப்பாள்.

பேனாவை வைத்துவிட்டீர்கள். போன் பண்ணுங்கள், பண்ணுங்கள், நான் காத்திருக்கிறேன். ஆனால் திரும்பி வந்ததும் இதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையை அநாதை என்று இனிமேல் யாரும் சொல்லக் கூடாது. எங்கே கொண்டுபோய் வைத்தாலும், அவள் கதவைத் தட்ட ஆள் இருக்கிறது.